பூச்சாட்டும் பதினஞ்சு நாளும்

பங்குனி பொறந்தா எங்க ஊர்ல வெயிலுக்கு முன்னாடி வந்து நிக்கறது ரேடியோதாங்க. டவுன்ல இருக்கறவங்க ரேடியோன்னதும் மேசை மேல வெக்கற பெட்டின்னு நெனச்சுக்காதீங்க. எங்க பக்கம் ரேடியோ கட்டறதுன்னா குழாய் கட்டறது. மேல்நிலைத் தொட்டி மேல ஏறி நாலு திசைக்கும் நாலு குழாய், கோயில் வேப்பமரத்துல ரெண்டு, அப்புறம் வீதிக்கு வீதி கரண்டு கம்பத்துல ஒண்ணு. அதிகாரிங்க பாஷையில இதுக்குக் கூம்பு வடிவ ஒலிபெருக்கின்னு பேரு.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் மாரியம்மன் நோம்பின்னா பூச்சாட்டுல ஆரம்பிச்சு பதினஞ்சு நாள். கோயிலுக்கு முன்னாடி முக்கவராப் பிரிஞ்ச கம்பம் நட்டு, பொம்பளைங்க காலையில மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. ராத்திரி ஆம்பளைங்க கம்பத்தைச் சுத்தி ஆடுவாங்க. மாவிளக்கு, பொங்கல், மஞ்சள் நீராட்டு எல்லாம் கடைசி மூணு நாள்ல வரும். வெளியூர்ல வேலைக்குப் போன பசங்க அந்த மூணு நாளைக்குத்தான் வருவாங்க. ரேடியோ மட்டும் பதினஞ்சு நாளும் பாடும், காலையில நாலரை மணியில இருந்து.

போன வருசம் வரைக்கும் எனக்கு அதுல ஒரு குறையும் தெரியலை. பூச்சாட்டு அன்னைக்கு முதல் பாட்டு கேட்டதும் மண்வெட்டியை வரப்புல வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் நிப்பேன். அப்படி ஒரு சந்தோஷம். குழாய் கட்டற ரேடியோ செட்டுக்காரன் என்னோட ஒண்ணாப்புல இருந்து எட்டாப்பு வரைக்கும் படிச்சவன். ரெண்டு பேரும் ஒரே கெணத்துல நீச்சல் பழகினவங்க. என் கல்யாணத்துக்கு அவங்கப்பாதான் செட்டுப் போட்டாரு. மூணு நாள் பாடுச்சு, எங்க தெருவுல அப்ப யாராவது தூங்கினாங்களான்னு நான் ஒரு தடவைகூட யோசிச்சதில்லை.

போன வருசம் மாசியில எங்கம்மா மாட்டுக்கொட்டாய்ல சாணி வழுக்கி விழுந்துட்டாங்க. எழுபத்துநாலு வயசு. தொடை எலும்பு ஒடைஞ்சு, ஈரோட்டுல ஆபரேஷன் பண்ணி, கம்பி வெச்சுக் கூட்டிட்டு வந்தோம். முன்கட்டு ரூம்ல கட்டில். சன்னலைத் தொறந்தா இருபதடி தள்ளிக் கரண்டு கம்பம். பூச்சாட்டன்னைக்கு அதுல ஒரு குழாயைக் கட்டி, வாயை எங்க வீட்டுப் பக்கமாத் திருப்பி வெச்சுட்டாங்க. வேணும்னு செஞ்சதில்லை, வளைவுல அப்படித்தான் திருப்ப முடியும்.

மூணாவது நாள் ராத்திரி அம்மா எந்திரிச்சு உக்காரப் பாத்தாங்க. "உங்கப்பா களத்துல இருக்காரு, சோறு கொண்டுபோகணும், சேலையை எடு"ங்கறாங்க. அப்பா போய்ப் பதினோரு வருசம் ஆச்சு. என் சம்சாரம் அழுதுட்டா. டாக்டருக்குப் போன் பண்ணினா, அவரு கேட்ட முதல் கேள்வியே "தூங்கறாங்களா?"ங்கறதுதான். இந்த வயசுல ஆபரேஷன் பண்ணின ஒடம்புக்குத் தூக்கம் கெட்டா இப்படி நினைவு தடுமாறும், எப்படியாவது தூங்க வைங்கன்னாரு. அவரு பேசினதே எனக்குச் சரியாக் கேக்கலை. போனைக் கொட்டாய்க்குள்ள எடுத்துட்டுப் போய், மாட்டுக்குப் பக்கத்துல நின்னு பேசினேன்.

மறுநாள் விழாக்காரங்ககிட்டப் போய்ச் சொன்னேன். தப்பாப் பேசலை. "அப்படிங்களா மாமா, சொல்லிருக்கலாமுல்லங்க"ன்னு ஒரு பையன் ஏறிக் குழாயைத் திருப்பி விட்டான். அடுத்த நாள் எதிர்வீட்டுக்காரரு திட்டுனாருன்னு மறுபடியும் இங்கிட்டே திரும்பிடுச்சு. ரெண்டாவது தடவை போனப்ப, "இன்னும் ஒரு வாரந்தானுங்க, பொறுத்துக்குங்க"ன்னாங்க. செட்டுக்காரனைக் கேட்டேன். "நான் என்னடா பண்றது, பக்கத்து ஊருக்குக் கேக்கலைன்னா என்ன ரேடியோ கட்டியிருக்கேன்னு காசைக் குறைப்பாங்க"ன்னான். அதுவும் நிஜம். எங்க ஊரு சத்தம் அவங்க ஊருக்குக் கேக்கணும், அவங்க சத்தத்தை எங்களுது அமுக்கணும். பாட்டை யாரும் கேக்கறதில்லை.

அன்னைக்கு ராத்திரி பத்தே முக்காலுக்கு அம்மா மறுபடியும் களத்துக்குக் கிளம்பினாங்க. நான் நூறுக்குப் போன் பண்ணிட்டேன்.

அரை மணி நேரத்துல வண்டி வந்துச்சு, ரேடியோ நின்னுச்சு. அம்மா தூங்கினாங்க. நான் திண்ணையில உக்காந்திருந்தேன். தவளைச் சத்தம் கேட்டது. விடியறதுக்குள்ள யாரு போன் பண்ணினதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்காதீங்க, கிராமத்துல அதெல்லாம் தெரியும். காலையில செட்டுக்காரனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ஆம்ப்ளிஃபயரையும் ரெண்டு குழாயையும் எடுத்து வெச்சுக்கிட்டாங்க. குழாய் கட்டக் கூடாதுங்கறது அவங்க குடுத்த அனுமதித் தாள்லயே எழுதியிருந்ததாம். வருசா வருசம் எழுதறதுதான், வருசா வருசம் கட்டறதுதான்.

என்னை யாரும் திட்டலை. ஆனா அன்னைக்கு மஞ்சள் வெட்டுக்கு வரேன்னு சொல்லியிருந்த எட்டுப் பேரும் வரலை. போன் பண்ணினா, "நோம்பிங்க, ஆளு கிடைக்கலீங்க"ன்னாங்க. பக்கத்துக் காட்டுல ஆளு வேலை செஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. பால் சொசைட்டியில என்னைப் பாத்ததும் பேச்சு நின்னுச்சு. "சாமி காரியத்துல போலீஸைக் கூப்பிட்டவன்"னு பேரு வந்துருச்சு. அதைத் தொடைக்க எனக்கு வழி தெரியலை.

ரெண்டாம் நாள் கோயில் வாசல்ல கூட்டம் போட்டாங்க. அதுக்கு முந்தின ராத்திரி பையன் போன்ல சட்டத்தை எடுத்துக் குடுத்தான், உக்காந்து படிச்சேன். ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. பிப்ரவரி 14-ஆம் தேதி வெளியிட்டிருக்காங்க. குடியிருப்புப் பகுதின்னா பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. பகல்ங்கறது காலை 6 மணியில இருந்து ராத்திரி 10 வரைக்கும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டுன்னா சுத்தி நூறு மீட்டருக்கு அமைதி மண்டலம், அங்க 50-உம் 40-உம். ஒலிபெருக்கி வைக்க எழுத்துல அனுமதி வேணும், பொது இடத்துல வெச்சா அந்த இடத்தோட எல்லையில 75 டெசிபலைத் தாண்டவே கூடாது. பையன் போன்லயே ஒரு அளக்கற செயலி போட்டுத் திண்ணையில வெச்சுப் பாத்திருக்கான், 86 காட்டுச்சாம். போன் கணக்கை நம்ப முடியாது, ஆனா பாதி தப்புன்னாலும் அதிகந்தான். டெசிபல்ங்கறது நம்ம படி, மரக்கா மாதிரி கூட்டற கணக்கு இல்லீங்க. பத்து ஏறினா ஒலியோட சக்தி பத்து மடங்கு, இருபது ஏறினா நூறு மடங்கு. இதைப் படிச்சப்புறம் அந்தக் குழாயை நான் பாத்த பார்வையே வேற.

கூட்டத்துல பெரியவர் ஒருத்தரு எந்திரிச்சாரு. எனக்குச் சித்தப்பா முறை. "பதினஞ்சு நாளைக்கு வெச்சுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குது. நம்ம பூச்சாட்டு எத்தனை நாள்? பதினஞ்சு. அப்புறம் என்ன?"ன்னாரு. எல்லாரும் தலையாட்டினாங்க. நல்லாத்தான் பொருந்துது, கேக்கறவங்களுக்கு அம்மனே கணக்குப் பண்ணின மாதிரி இருக்கும்.

நான் எந்திரிச்சுச் சொன்னேன். "சித்தப்பா, அந்தப் பதினஞ்சு நாள் நம்ம ஊருக்குக் குடுத்தது இல்லீங்க. மாநில அரசு விசேஷ நாளுன்னு எதைச் சொல்லுதோ அதுக்கு, வருசத்துக்கு மொத்தமே பதினஞ்சு நாளுக்கு மேல போகாம, ராத்திரி பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் தளர்வு குடுக்கலாம். அவ்வளவுதான். விடியகாலை நாலரைக்கு யாரும் குடுக்கலை." 2005 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பையும் சொன்னேன். பேசறதுக்கு ஒருத்தனுக்கு உரிமை இருக்குன்னா, அதைக் கேக்க மாட்டேன்னு சொல்ல இன்னொருத்தனுக்கும் உரிமை இருக்குங்கறது அதுல வர்ற விஷயம். அதுக்கு முன்னாடி 2000-லயே சென்னையில ஒரு சர்ச் வழக்குல, எந்த மதமும் மத்தவங்க நிம்மதியைக் கெடுத்துத்தான் கும்பிடணும்னு சொல்லலைன்னு தீர்ப்பு வந்திருக்கு. "நம்ம சாமிக்கு மட்டும் வந்த சட்டம் இல்லீங்க"ன்னேன். அந்த எடத்துல கொஞ்சம் மொணமொணப்பு அடங்குச்சு.

அப்பத்தான் பின்னால இருந்து ஒரு பையன் கேட்டான். "அதெல்லாஞ் சரிங்கண்ணா, விடியகாலை அஞ்சு மணிக்குக் கடலைக்காட்டுல நீங்க போடற வெடி?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. டவுன்காரங்களுக்குச் சொல்லணும், எங்க பக்கம் கடலைக்காய் வெதச்சா மொளைக்கறதுக்குள்ள மயில் கிளறிடும், காய் பிடிச்சா காட்டுப்பன்னி தோண்டிடும். ராத்திரி காவலுக்குப் போறவங்க அணுகுண்டு வெடி ஒண்ணைப் பத்த வெச்சு வீசுவோம். நானும் விடியற நேரத்துல ரெண்டு மூணு போடுவேன். காட்டுக்கு அந்தப் பக்கம் காலனியில இருபது வீடு இருக்குது. கேட்ட பையன் அந்த வீட்டுப் பையன். அவங்கக்கா பிரசவத்துக்கு வந்து, கொழந்தை பொறந்து இருபது நாள்தான் ஆகியிருந்துச்சு. ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிப்போட்டு அழுவுதுன்னான். நான் படிச்ச அதே விதியிலதான் இருக்குது, சத்தம் வர்ற வெடி ராத்திரி நேரத்துல வெடிக்கக் கூடாதுன்னு. ராத்திரின்னா காலை ஆறு வரைக்கும். அந்த வரியைத் தாண்டித்தான் நான் வந்திருக்கேன், என்னைச் சொல்லுதுன்னு தோணவே இல்லை.

"தப்புத்தான் சாமி, நாளையில இருந்து போடலை"ன்னேன். வேற என்ன சொல்றது? அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறந்தான் கூட்டம் கூட்டமாப் பேச ஆரம்பிச்சுது. ஒரு அம்மா, தன் பேத்தி பன்னெண்டாவது பரீட்சைக்குப் பாத்ரூம்ல கதவைச் சாத்திட்டுப் படிச்சான்னு சொன்னாங்க. இத்தனை நாளா ஏன் சொல்லலைன்னா, "எப்படிச் சொல்றது, சாமி காரியமாச்சே"ன்னாங்க. அவங்களும் மூணு ராத்திரி தூங்கலையாம்.

கம்பத்தாட்டம் பத்தித்தான் பெரிய பேச்சு. கோர்ட்டுத் தீர்ப்புப்படி பத்து மணிக்கு மேல மோளமும் அடிக்கக் கூடாது. அதைச் சொல்ல எனக்கே வாய் வரலை. மோளம் மனுசன் அடிக்கறது, கை வலிச்சா நிக்கும். கம்பம் ஆடறப்ப எங்கம்மாவும் ஒடம்பு நல்லா இருந்த காலத்துல வாசல்ல நின்னு பாத்தவங்க. நான் சும்மா இருந்துட்டேன். சட்டத்தை இந்தப் பக்கம் பிடிச்சு அந்தப் பக்கம் விட்டவன்னு நீங்க என்னைச் சொன்னா அது சரிதான்.

குழாய் எல்லாம் இறங்கணும், கோயில் வாசல்ல மட்டும் நாலு பாக்ஸ், காலையில ஆறுக்கு, ராத்திரி பத்துக்குன்னு முடிவாச்சு. மனசோட ஒத்துக்கிட்டவங்க பாதிதான் இருப்பாங்க, மீதிப் பேரு கேஸுக்குப் பயந்தவங்க. மறுநாள் நான் செட்டுக்காரன்கூட ஸ்டேஷனுக்குப் போய், எனக்குப் புகார் ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்தேன். இனிமேல் கட்ட மாட்டேன்னு அவன் எழுதிக் குடுத்தான். ஆம்ப்ளிஃபயரைக் குடுத்துட்டாங்க. வண்டியில பின்னால உக்காந்து மடியில வெச்சுட்டு வந்தான், வர்ற வழி முச்சூடும் பேசலை. ஊர் எல்லையில எறங்கறப்ப, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கூப்பிட்டிருக்கலாம்டா"ன்னான். சொன்னேனேடான்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. போலீஸைக் கூப்பிடப் போறேன்னு சொல்லலையே. அது வேற, இது வேற.

குழாயை வித்தா பழைய இரும்பு வெலைதான் போகும். பாக்ஸ் புதுசா வாங்கணும். அவன் பொழப்பே தையில இருந்து வைகாசி வரைக்கும் நடக்கற கோயில் காரியந்தான். கடன் வாங்கி நாலு பாக்ஸ் எடுத்தான். மஞ்சள் வித்த காசுல கொஞ்சம் குடுத்தேன், எண்ணிப் பாத்துட்டுத்தான் வாங்கினான். முன்னெல்லாம் எண்ண மாட்டான்.

இந்த வருசம் பூச்சாட்டு அன்னைக்கு நான் தண்ணி கட்டிட்டு வீட்டுக்கு வரேன், அம்மா வாக்கரைப் பிடிச்சுட்டு வாசல்ல நிக்கறாங்க. "ஏங்கண்ணு, இன்னைக்குப் பூச்சாட்டுத்தானே? ரேடியோ கட்டலையா?"ன்னு கேட்டாங்க. கட்டியிருக்காங்கம்மா, இங்க கேக்காதுன்னேன். "அது என்ன நோம்பி, வீட்டுக்குக் கேக்காம"ன்னு மொணகிட்டாங்க. போன வருசம் நடந்தது ஒண்ணும் அவங்களுக்கு நெனப்பில்லை. சாயங்காலம் ஆட்டோ வெச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய், பாக்ஸுக்குப் பக்கத்துல சேர் போட்டு உக்கார வெச்சேன்.

செட்டுக்காரன் அங்கதான் இருந்தான், அம்மாவுக்கு டீ வாங்கிக் குடுத்தான். என்கிட்ட, "கடலை எப்படிடா?"ன்னு கேட்டான். வெடி போடறதை விட்டதுல இருந்து தகரத்தைத் தட்டிட்டும் டார்ச் அடிச்சுட்டும் காவல் இருக்கேன், கெழபுறம் ரெண்டு பாத்தி பன்னிக்குப் போச்சுன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான்.

"எங்கிட்டப் பழைய குழாய் ஆறு சும்மாத்தான் கெடக்குது. உங்காட்டுல ஒண்ணு கட்டிப் புலி உறுமற சத்தம் போட்டு விட்டா ஓடிடும்."

"ராத்திரி பத்து மணிக்கு மேலயாடா?"

"பன்னி பத்து மணிக்கு மேலதானே வருது"ன்னான்.