ஒரு சாண் காற்று

சிலாபத்துக்கு வடக்கே கடலோரமாகச் செல்பவர்களுக்குத் தார் வீதி எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்பதைச் சக்கரங்களே சொல்லிவிடும். உடப்பு, முந்தல், அதற்கப்பால் கற்பிட்டி என விரியும் இந்த நிலத்தில் கடலும் களப்பும் மனிதருக்கு விட்டுவைத்த இடம் கொஞ்சந்தான். புத்தளத்து உப்பளங்களைத் தழுவி வரும் காற்றோ இரும்பைக் கண்டால் விடுவதில்லை. இங்கே மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரமன்று. மீன்பெட்டி அதில்தான் போகிறது. ஆசிரியையும் அதில்தான் போகிறாள்.

அந்த ஆசிரியை என் தமக்கையின் மகள். உயரங் குறைந்தவள். மணலிலே வண்டியை நிறுத்தினால் கால் நிலத்தை எட்டாது. ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆதலால் கராஜ் ஒன்றிலே கொடுத்து, முன்னும் பின்னும் முப்பது மில்லிமீற்றர் தாழ்த்திக்கொண்டாள். அதன்பின் கால் எட்டியது. ஆனால் ஒவ்வொரு குழியிலும் முன்பக்கம் ‘தட்’ என்று இரும்போடு இரும்பு மோதத் தொடங்கிற்று. தாயைப் பின்னால் இருத்தி முன்னேஸ்வரத்துக்குப் போகும் பிள்ளை அவள். பிரேக் பிடிக்கும் வேளையில் முன் ஷொக் அடியில் போய் முட்டினால், சக்கரம் நிலத்தைப் பற்றும் பிடி ஒரு கணம் குலையும். ஈரவீதியில் அந்த ஒரு கணம் போதும்.

“மாமா, ஒருவர் தடித்த எண்ணெய் ஊற்றச் சொல்கிறார், இன்னொருவர் கூட ஊற்றச் சொல்கிறார். எது சரி?” என்று கேட்டாள். இரண்டும் ஒன்றென்றே பலர் எண்ணுகிறார்கள். எண்ணெயின் தடிப்பு ஷொக் எவ்வளவு விரைவாக அமுங்கி மீள்கிறது என்பதை ஆளும். எண்ணெயின் மட்டமோ அதற்கு மேலே அடைபட்டுக் கிடக்கும் காற்றின் அளவை ஆளும். எண்ணெயால் அதிர்வை அடக்கும் முன் ஷொக்கை 1935இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ தன் ஆர் 12 வண்டியில் பொருத்தி விற்பனைக்கு விட்டது. குழாய்க்குள் சுருள்வில், எண்ணெய், காற்று என்ற அமைப்பு இன்றும் பெரும்பாலும் அதுவே. அந்தக் காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது இரண்டாவது சுருள்வில்!

உயர்தர வகுப்பில் நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் போயிலின் விதி, 1662இல் வெளியானது, இங்கே வந்து நிற்கிறது. ஷொக் முழுதும் நீண்டிருக்கையில் காற்றுத்தூண் 260 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 120 மி.மீ. அமுங்கினால் 140 ஆகும். அமுக்கம் ஏறத்தாழ 1.86 மடங்காகும். உள்ளே துண்டு வைத்துத் தாழ்த்தியபின் தொடக்கத்தில் 230தான், ஏறக்குறைய ஒரு சாண். அடியை எட்டும்போது அதே 140. ஆகவே 1.64 மடங்குதான் ஏறுகிறது. சுருள்வில்லும் முன்னையிலும் முப்பது மில்லிமீற்றர் குறைவாகவே அமுங்குகிறது. தடுப்பவர் இருவருமே தளர்ந்துவிட்டபோது முட்டாமல் என்ன செய்யும்? எண்ணெயை 20 மி.மீ. உயர்த்தினால் 210, 120 என்றாகி அந்த மடங்கு 1.75க்கு மீளும். குழாயின் சுவர்த்தடிப்பை விட்டுவிட்ட தோராயக் கணக்கு இது. எனினும் வழியைக் காட்டும்.

இன்னொரு முறையில், குழாய்களைத் தாங்கும் பிடிகளுக்குள் மேலே நழுவவிட்டுத் தாழ்த்துவார்கள். அப்போது உள்ளே எதுவும் மாறவில்லை. எண்ணெயைத் தொட வேண்டியதில்லை. சக்கரம் முழுதும் மேலேறும்போது மட்காட் எதிலும் இடிக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை அவளும் நானும் உட்கார்ந்தோம். முன்சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தாமல் மூடியைக் கழற்றலாகாது. உள்ளே அமுங்கியிருக்கும் வில் மூடியை முகத்துக்கே எறியும். வில்லை வெளியே எடுத்து, எண்ணெய் ஊற்றி, குமிழி நிற்கும்வரை மெதுவாக மேலும் கீழும் இழுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டோம். பிறகு குழாயை முழுதும் அமுக்கி, நேராக நிறுத்தி, மேல்விளிம்பிலிருந்து எண்ணெயின் முகம்வரை அளந்தோம். அளவு காட்டுவது வெற்றிடத்தை. எண் பெரிதானால் எண்ணெய் குறைவு. கெட்டிக்கார மாணவரும் தடுக்கிவிழும் இடம் இது.

மருந்துக்கடையில் வாங்கிய ஊசிக்குழலும் ஒரு மெல்லிய குழாயும் போதுமாயிருந்தன. குழாயில் வேண்டிய ஆழத்தை அடையாளமிட்டு, எண்ணெயைக் கொஞ்சம் மிகையாக ஊற்றி, காற்று வரும்வரை உறிஞ்சினால் மட்டம் தானே அமைந்துவிடும். இரு குழாய்களிலும் ஒரே மட்டம். கைநூல் சொன்னதிலிருந்து முதலில் 10 மி.மீ. மட்டும் உயர்த்தினோம். ஒரே மூச்சில் நிறைத்துவிட்டால் காற்றுக்கு இடமில்லாமல் எண்ணெய் சீலைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். பிரேக்கில் எண்ணெய் படிந்தால், முட்டுவதைக் காட்டிலும் அது கொடிது.

குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய கேபிள் டை கட்டினோம். ஷொக் எவ்வளவு தூரம் அமுங்கிற்று என்பதை அது நகர்ந்து காட்டும். தாயை ஏற்றிக்கொண்டு ஊரின் மோசமான வீதியிலே போய்வந்தாள். எல்லைக்குச் சென்று ஒட்டிக்கொண்டிருந்தது. மேலும் 10 மி.மீ. உயர்த்தினோம். இம்முறை ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றது. ‘தட்’ என்ற சத்தமும் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி உப்புதான் பகை. பளபளக்கும் குழாயில் துரு புள்ளியிட்டால் ஒவ்வோர் அசைவிலும் சீல் கீறப்படும். அளந்து ஊற்றிய எண்ணெய் துளித்துளியாய்ப் போய்விடும். வாரம் ஒருமுறை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, இரண்டு துளி எண்ணெய் பூசச் சொன்னேன். அந்த வேலையை இப்போது என் தமக்கையே செய்கிறாள், மகளை நம்புவதில்லையாம்.