ஒரு கடனும் ஒரு விளையாட்டுப் பட்டியலும்

ஒரு பதிப்பகத்தை அறிந்துகொள்ள அதன் நூற்பட்டியல் ஒன்றே போதும் என்பது பத்திரிகைத் தொழிலில் நான் பழகிக்கொண்ட முதற் பாடங்களுள் ஒன்று. முன்னுரைகளும் வெளியீட்டு விழா உரைகளும் சொல்லாததைப் பட்டியல் சொல்லிவிடும். எந்த ஆண்டில் கையில் பணம் இருந்தது, எந்த ஆண்டில் இல்லை, எப்போது பரீட்சை வழிகாட்டி அச்சிட்டு அரிசி வாங்கினார்கள், எப்போது துணிந்து ஒரு கவிதைத் தொகுதி போட்டார்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அந்தப் பழக்கத்தோடு அண்மையில் நான் வாசித்த பட்டியல் புத்தகங்களுடையதன்று. ஜப்பானிலுள்ள ஒரு வீடியோ கேம் நிறுவனத்தினுடையது. இந்த வயதில் இது என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. காரணம் இருக்கிறது.

நிறுவனத்தின் பெயர் ஹால் லெபோரட்டரி. 1980 பெப்ரவரியில் தோக்கியோவில் தொடங்கப்பட்டது. கணினி உலகின் பெரிய முதலாளியான ஐ.பி.எம். நிறுவனத்தை ஒவ்வோர் எழுத்திலும் ஒருபடி முந்துவோம் என்ற இளமைக் குறும்பில், அகரவரிசையில் அம்மூன்று எழுத்துகளுக்கும் முன்னே நிற்கும் மூன்றைச் சேர்த்து வைத்த பெயர் அது. பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே அங்கு பகுதிநேர வேலைக்குப் போன சத்தோரு இவாத்தா, 1982இல் பட்டம் பெற்றதும் முழுநேர ஊழியரானார். அவருடைய தந்தை வடக்கே முரொரான் நகரின் மேயர். மகன் இப்படியொரு பெயர் தெரியாத நிறுவனத்தில் போய்ச் சேர்ந்ததில் ஆறு மாதங்கள் அவரோடு பேசவில்லையாம். அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பத்திரிகைக்குப் போனவர்களின் வீடுகளிலும் இதே கதைதான்.

இந்த நிறுவனத்தை எங்கள் மலைநாட்டுப் பிள்ளைகள் பெயர் அறியாமலே அறிந்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. மின்சாரம் எட்டிய லயங்களில் ‘டிவி கேம்’ என்ற பிளாஸ்டிக் பெட்டி ஒரு காலத்தில் தீபாவளிப் பரிசாக வந்தது. ஜப்பானில் 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகொம் கருவியின் போலி அது. மஞ்சள் நிறக் கசட் ஒன்றைச் செருகினால் தொலைக்காட்சித் திரையில் ‘9999 விளையாட்டுகள்’ என்று ஒரு பட்டியல் ஓடும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்துதான் தேறும்; மிச்சமெல்லாம் அவையே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருபவை. ஆனால் அந்தப் பத்துப் பதினைந்தில் பலூன் கட்டிப் பறந்து எதிரியின் பலூனை உடைக்கும் ஆட்டம் ஒன்று இருக்கும். பின்பால் இருக்கும், மோட்டார்ப் பந்தயம் இருக்கும், சில கசட்டுகளில் கோல்ஃபும் இருக்கும். 1984, 1985ஆம் ஆண்டுகளில் நின்டெண்டோவுக்காக அந்த நான்கையும் நிரல் எழுதிக் கொடுத்தவர்கள் ஹால் நிறுவனத்தார். அதில் பெரும்பங்கு இவாத்தாவுடையது. உண்மையான பெட்டியின் மேலேயே ஹாலின் பெயர் இல்லை. போலிக் கசட்டில் எங்கிருந்து வரும்?

என் தங்கையின் மகன் ஹட்டனில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். பழைய கசட் ஒன்றைத் திறந்து அதன் பச்சைப் பலகையை என்னிடம் காட்டியவன் அவன்தான். “செஞ்சவங்க பேரு இதுல எங்கயுமே இல்ல மாமா” என்றான். எனக்கு அந்தச் சொல் வேறெங்கோ போய்த் தட்டியது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்றுதான் பெயர். குறித்த கிலோக் கொழுந்து நிறுவையில் விழுந்தால் ஒரு பேர்; குறைந்தால் அரைப்பேர். நாள் முழுவதும் மலையில் நின்ற பெண்ணுக்குப் பெயரிலும் பாதிதான் எழுதப்படும். இது நிற்க.

ஹாலின் பட்டியலுக்கு வருவோம். பறத்தல், பந்து, பந்தயம் என்று கூலிக்கு எழுதிக்கொண்டே, தங்கள் சொந்தப் பெயரில் 1985இல் எக்கர்லாண்ட் என்ற புதிர் விளையாட்டை வெளியிட்டார்கள். பெட்டிகளைத் தள்ளி, இதயங்களைச் சேர்த்து, அறையை விட்டு வெளியேற வேண்டும். ஒரு பெட்டியைத் தவறாகத் தள்ளினால் வழி அடைபட்டுவிடும். சதுரங்கப் பிரியர்களுக்கு உரியது. அதன் பிறகு வகைவகையாகப் பல வந்தன. எல்லாம் விற்கவில்லை. யமனாஷி மாநிலத்தில் ஃபூஜி மலை தெரியும் பகுதியில் புதிய வேலைத்தலமும் கட்டினார்கள். 1992இல் நிறுவனம் கடனில் மூழ்கி நீதிமன்றப் பாதுகாப்புக் கோரும் நிலைக்கு வந்தது. கடன் 150 கோடி யென்.

மலையகத்தில் பிறந்த எவருக்கும் கடன் என்ற சொல் வெறுங் கணக்கன்று. எங்கள் முன்னோர் கடல் கடந்ததே கடனில்தான். வழிச்செலவு, சோறு, கம்பளி எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறும். தோட்டம் மாற வேண்டுமானால், இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிய சீட்டு வேண்டும். ‘துண்டு’ என்பது அதன் பெயர். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கடன்காரர் மட்டும் மாறுவார். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தீபாவளி முற்பணம் வாங்கி மாதாமாதம் சம்பளத்தில் கழிபடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே ஹாலின் கதையில் மற்றவர்கள் ஆட்டங்களைப் பார்க்கும் இடத்தில் நான் கடனைப் பார்த்தேன்.

1993இல் இவாத்தா தலைவரானார். வயது 33. உதவிக்கு முன்வந்த நின்டெண்டோவின் தலைவர் யமவூச்சி, இவர் தலைமையேற்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தார். நிர்வாகம் படித்தவரல்லர், நிரல் எழுதுபவர். முதல் வேலையாக அவர் செய்தது ஊழியர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசியது. தொண்ணூறு பேர் அளவில் இருந்தார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள், எதில் மகிழ்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டார். பின்னர் அதை ஆண்டுக்கு இருமுறை வழக்கமாகவே வைத்துக்கொண்டார். ஆட்குறைப்பு என்ற சொல்லைத் தவிர வேறு மருந்தறியாத பல நிர்வாகங்களைப் பத்திரிகையாளனாகப் பார்த்த எனக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. ஆறு ஆண்டுகளில் 150 கோடியும் கட்டி முடிக்கப்பட்டது.

எதை விற்று? இங்கேதான் பட்டியல் சுவையாகிறது.

கடன் கழுத்தை நெரித்த அதே 1992 ஏப்ரலில் கர்பி என்ற உருண்டை உயிர் கையடக்கக் கருவியான கேம்போயில் வந்தது. ஆக்கியவர் மசஹிரோ சக்குராய், பதின்ம வயதிலேயே ஹாலில் சேர்ந்த இளைஞர். கை கால் முளைத்த ஒரு கொழுக்கட்டை என்று அதை நம் வீட்டாருக்குச் சொல்லலாம். முதலில் அது ஒரு தற்காலிக உருவம். நல்ல உருவம் பின்னர் வரைவோம் என்று வைத்திருந்ததே எல்லோருக்கும் பிடித்துப்போய் நிலைத்துவிட்டது. இளஞ்சிவப்பு நிறம் என்றார் சக்குராய். மஞ்சள் என்று நினைத்திருந்தார் நின்டெண்டோவின் மியமொத்தோ. கருவியின் திரையிலோ நிறமே கிடையாது. அமெரிக்கர்கள் பெட்டியின் மேல் வெள்ளையாகவே அச்சிட்டுவிட்டார்கள். ஹால் தன் பெயரிலேயே வெளியிட இருந்தபோது வந்த முன்பதிவு 26,000. அதை நிறுத்தி, மெருகேற்றி, நின்டெண்டோ வழியாக வெளியிட்டபோது ஐம்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. இளைத்த நிறுவனத்தின் முதற் சோறு அது.

1994இல் மதர் 2 வந்தது. விளம்பர வாசகம் எழுதுபவராகப் புகழ்பெற்ற ஷிகெசாத்தோ இத்தோயின் கற்பனை. வாளும் அரக்கனும் இல்லாமல், நம் காலத்துச் சிறுவன் ஒருவன் பேஸ்போல் மட்டையோடு உலகைக் காக்கப் புறப்படும் கதை. ஆண்டுக் கணக்கில் இழுபட்டுச் சிக்கிக் கிடந்த அதைப் பார்த்த இவாத்தா, இருப்பதைத் திருத்துவதானால் இரண்டு ஆண்டு ஆகும், புதிதாக எழுதுவதானால் அரை ஆண்டு போதும் என்றார். புதிதாகவே எழுதப்பட்டது. 1999இல் இரண்டு. ஒன்று, நின்டெண்டோவின் நாயகர்களையெல்லாம் ஒரே மேடையில் மோதவிட்ட ஸ்மாஷ் பிரதர்ஸ். சண்டை விளையாட்டென்றால் விரல் வித்தை தெரிந்தவருக்கே என்றிருந்ததை யாரும் ஆடலாம் என்று மாற்றியது. மற்றது போக்கிமோன் ஸ்னாப். அதில் போக்கிமோன்களைப் பிடிக்கவோ மோதவிடவோ வேண்டாம். தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் அமர்ந்து படம் எடுக்க வேண்டும். எடுத்து முடித்த பின் ஒரு பேராசிரியர் படங்களைப் பார்த்து, உருவம் சிறிது, நடுவில் இல்லை என்று புள்ளி குறைப்பார். பத்திரிகையில் படப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர்களின் முகங்கள் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. 2015இல் பொக்ஸ்போய்: இரண்டு கால் முளைத்த ஒரு சதுரம், தன் உடம்பிலிருந்தே பெட்டிகளை வளர்த்துப் பாலம் கட்டிக்கொள்ளும். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம்தான். எனக்கு ஆடத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

இப்படிப் பறத்தல், புதிர், கதை, சண்டை, புகைப்படம் என்று சிதறிக் கிடக்கும் பட்டியலுக்குத் தனித்த முகம் இல்லை என்று சொல்வோர் உண்டு. நான் ஒப்பவில்லை. முதற்பாதி கூலிக்கு எழுதிய பன்மை. வந்த வேலையை விடாமல் செய்தவர்களின் பட்டியல் அப்படித்தான் இருக்கும். பிற்பாதியிலோ ஒரு பிடிவாதம் தெரிகிறது. புதிதாகக் கையில் எடுப்பவன் தோற்று வெட்கப்படக் கூடாது என்ற எண்ணம் கர்பியிலும் இருக்கிறது, ஸ்மாஷிலும் இருக்கிறது. 2002இல் நின்டெண்டோவின் தலைவரான இவாத்தா, விளையாடாதவர்களையும் விளையாட வைப்பேன் என்று 2006இல் வீ கருவியைக் கொண்டுவந்தபோது அந்த எண்ணம் உலகளாவியதாயிற்று. 2015 ஜூலையில், 55ஆவது வயதில் அவர் இறந்தார்.

பன்மையைப் பற்றிப் பேசும்போது எங்கள் பட்டியலையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதில் ஒன்றரை நூற்றாண்டாக ஒரே வரி: தேயிலை. அதற்கு முன்னும் ஒரே வரிதான்: கோப்பி. 1869இல் இலையில் துருநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. துரைமார் வேறு பயிருக்கு மாறினார்கள், தொழிலாளர் பட்டினி கிடந்தார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. அவ்வாண்டு நவம்பரில் விலக்கினார்கள். அதற்கு முன் ஆண்டுக்கு 30 கோடி கிலோ அளவில் நின்ற நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி அளவுக்கு வந்துவிட்டது. ஓர் ஆட்டம் தோற்றால் அடுத்த ஆட்டம் என்று ஹாலுக்கு ஒரு வழி இருந்தது. கொட்டகலைக்கு அந்த அடுத்த வரி கொழும்பில் உள்ள கடைகளும், வீட்டு வேலையும், வளைகுடா விமானமுமாகத்தான் எழுதப்படுகிறது. ஜப்பானே எங்களுக்கு அந்நியமில்லை; பக்கத்துத் தலவாக்கலையில் யென் கடனில் கட்டி 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டம் 150 மெகாவாட் தருகிறது. சென்கிளயர் அருவிக்கு நேரம் குறித்துத் தண்ணீர் விடுகிறார்கள். அந்த மின்சாரத்தில் இயங்கும் கணினியில் எங்கள் பிள்ளை ஒருவன் தன் பெயரில் ஒரு விளையாட்டை எழுத எவ்வளவு காலம் ஆகும் என்பதே என் கேள்வி.

நடவாத காரியமன்று. கனடாவின் ரொறன்ரோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய், அம்மா தந்த சமையற் குறிப்பேட்டின் அழிந்த பக்கங்களை ஊகித்து ஊகித்து இட்டலியும் புட்டும் சமைப்பதுதான் ஆட்டம். 2024இல் அது பிரிட்டிஷ் திரைப்படக் கழகமான பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும் பெற்றது. மருமகன் அதைக் கடையிலேயே இரண்டு மணி நேரத்தில் ஆடி முடித்தான். முடித்துவிட்டு, நம்ம மலையை வைத்து ஒன்று செய்யலாம் மாமா என்று தாளில் கட்டம் போடத் தொடங்கினான். காலைப் பெரட்டு, மலையேற்றம், அட்டைக்கடி, மழை, மாலையில் நிறுவை. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கும் கிலோவை மறந்துவிடாதே என்றேன். அதையும் சேர்த்தால் யாருமே ஒரு முழுப்பேர் எடுக்க முடியாது, ஆடுகிறவர்கள் முதல் நாளே எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள் என்கிறான். கழிக்காவிட்டால் அது எங்கள் நிறுவையில்லை என்கிறேன் நான். இரண்டு வாரமாக அந்த இடத்திலேயே நிற்கிறோம்.