அத்தையைத் தொலைத்தேன்!

"மாமியாரைத் தொலைத்த மருமகள்" என்றால், "வேண்டுமென்றுதானே?" என்று கண்ணைச் சிமிட்டும் சிநேகிதிகள் எனக்கு உண்டு. ஆனால் ஓர் ஆடி வெள்ளிக்கிழமையன்று நான் அதை நிஜமாகவே செய்துவிட்டேன். அந்தப் பத்து நிமிஷம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் இருப்பது கீழ்ப்பாக்கம். அத்தைக்கு வயது 76. திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தார். "அடுத்த வாரம், அத்தை" என்று நானும் அலுக்காமல் பதில் சொல்லிக் கொண்டிருந்தேன். அந்த முழங்காலை வைத்துக் கொண்டு பஸ் மாறி, பஸ் ஏறிப் போவது நடக்கிற காரியமா என்பது என் கட்சி. கடைசியில் என் பெண்தான் வாயை அடைத்தாள். "2022-லேயே திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஸ்டேஷன் வந்தாயிற்று. சென்ட்ரலில் ஒரு தடவை வண்டி மாறினால் போதும், அம்மா!" என்றாள்.

அதற்கு மேல் சாக்குச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் காலையில் புறப்படும்போது, "உங்களால் எனக்கு அரை நாள் போச்சு" என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது. அத்தை பதில் சொல்லவில்லை. அர்ச்சனைக் கூடையில் வெற்றிலையைச் சரிபார்த்துக் கொண்டிருந்தார்.

கீழ்ப்பாக்கம் ஸ்டேஷனில் லிப்டு எங்களைப் பூமிக்குள் இறக்கியது. "சீதை போன இடத்துக்கு நாம் டிக்கெட் வாங்கிக் கொண்டு போகிறோம்!" என்றார் அத்தை. மூன்றாவது ஸ்டேஷன் சென்ட்ரல்.

சென்ட்ரல் என்றால் அத்தைக்கு 1873-லிருந்து நிற்கும் சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டும்தான். அதற்கு எதிரே, சாலைக்கு அடியில் இன்னொரு சென்ட்ரல் இருப்பதை அன்றுதான் பார்த்தார். 2018 மே மாதம் ஒரு பாதையும், 2019 பிப்ரவரியில் மற்றொரு பாதையும் இங்கே வந்து சேர்ந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறத் தளம் விட்டுத் தளம் போக வேண்டும்.

"கிணறு வெட்டுகிற மாதிரி வெட்டினார்களா?" என்று கேட்டார் அத்தை.

"இல்லை அத்தை. கிணற்றில் மண்ணை எடுத்துவிட்டுச் சுவர் கட்டுவோம். இங்கே முதலில் கான்கிரீட் சுவரைப் பூமிக்குள் இறக்கிவிட்டு, அப்புறம் நடுவில் உள்ள மண்ணை அள்ளினார்கள். ரயில் போகிற சுரங்கத்தை மட்டும் எந்திரம் துளைத்தது."

"பக்கத்துக் கட்டடம் சரியக் கூடாதே, அதற்குத்தான்" என்று உடனே சொன்னார். எனக்கு அந்தக் காரணம் தோன்றியிருக்காது.

பிளாட்பாரத்தின் ஓரம் முழுவதும் கண்ணாடித் தடுப்பு. யாரும் தண்டவாளத்தில் விழுந்துவிடாமலும், குளிர்ச்சி சுரங்கத்துக்குள் போய்விடாமலும் அது காக்கிறது. ரயில் வந்து நின்றதும் தடுப்பின் கதவும் ரயிலின் கதவும் சேர்ந்து திறக்கும், சேர்ந்து மூடும். ரயில் வந்தது. அதே சமயம் என் செல்போனும் மணியடித்தது. இரண்டு வாரமாக நான் தேடிக் கொண்டிருந்த குழாய் ரிப்பேர்க்காரர்! "சீக்கிரம் வாங்க, அத்தை" என்று சொல்லிக் கொண்டே, போனைக் காதில் வைத்தபடி ஏறினேன். திரும்பிப் பார்த்தேன். அத்தை வெளியே இருந்தார். கதவுகள் மூடிவிட்டன.

இரண்டு கண்ணாடிக்கு அப்பால் அத்தையின் முகம். கையில் அர்ச்சனைக் கூடை. மற்றொரு கையை உயர்த்தி ஏதோ ஜாடை காட்டினார். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

அத்தையிடம் போன் இல்லை. அவருடைய சுருக்குப் பை என் பையில். இருவருக்குமான டிக்கெட் என் செல்போனில். கூட்டத்தில் மயக்கம் வந்தால்? என்னைத் தேடிக் கொண்டு நகரும் படியில் ஏறி, தடுக்கி விழுந்தால்? இவரிடம் என்ன சொல்வேன்? எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அதுதான் நான் அவரிடம் பேசிய கடைசிக் கடுஞ்சொல்லாகிவிடுமோ?

"அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் ரயிலில் திரும்பிடுங்க, ஆன்ட்டி. பயப்படாதீங்க" என்று ஒரு கல்லூரிப் பெண் என் கையைப் பிடித்துச் சொன்னாள். அடுத்த நிலையம் உயர் நீதிமன்றம் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. குற்றவாளிக்கு ஏற்ற இடம்தான்!

திரும்பி வந்து சென்ட்ரலில் இறங்கி ஓடினேன். விட்ட இடத்துக்கு நாலடி தள்ளி ஒரு பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காவல் பணியில் இருக்கும் பெண் ஒருத்தி. அவளுடைய குழந்தைகள் எத்தனை, எந்த வகுப்பு என்பதெல்லாம் அதற்குள் அத்தைக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பயந்தீங்களா, அத்தை?"

"எனக்கென்ன பயம்? நீதான் பயந்திருப்பே. அங்கேயே இரு, நான் நகர மாட்டேன்னு ஜாடை காட்டினேனே!" என்றார். பிறகு மேலே கையைக் காட்டினார். "இங்கேதானே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மூர் மார்க்கெட் இருந்தது? உன் புருஷன் ஆறு வயசிலே அங்கே தொலைஞ்சு போனான். நான் தேடாத கடையில்லை. அவனோ, கையை விட்ட பொம்மைக் கடை வாசலிலேயே நின்னுக்கிட்டிருந்தான். 'நீதானே அம்மா, தொலைஞ்சா நின்ன இடத்திலேயே நிக்கச் சொன்னே?'ன்னு கேட்டான். ரெண்டு பேரும் தேடிக்கிட்டு அலைஞ்சா எப்படிச் சந்திக்கிறது? ஒருத்தராவது நிக்கணும்."

மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையானது. அத்தையின் பாடம் மட்டும் பத்திரமாக இருந்தது.

அடுத்த ரயிலில் ஏறும்போது நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அத்தையின் கையைப் பிடித்துக் கொண்டேன். பெண்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் இருவருக்கும் இடம் கிடைத்தது. "காலையில் தெரியாமல் பேசிவிட்டேன், அத்தை" என்று ஆரம்பித்தேன். "தேங்காய் உருண்டுவிடப் போகிறது, கூடையைப் பிடி" என்றார் அவர்.

அம்மன் தரிசனம் திவ்யமாக நடந்தது. இரவு இவர் வீடு திரும்பியதும், நடந்ததை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கி நின்றேன். அத்தை முந்திக் கொண்டுவிட்டார்.

"இன்னிக்கு உன் பெண்டாட்டி சென்ட்ரலில் தொலைஞ்சு போயிட்டாடா. நல்ல வேளை, நான் இருந்தேன். பத்திரமா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்!"