தாங்கும் நாடா

பனியன் தொழிலில் நாடாவுக்கு மரியாதை குறைவு. வெளிநாட்டிலிருந்து வரும் வணிகர் துணியைப் பற்றிக் கேட்பார், சாயத்தைப் பற்றிக் கேட்பார், தையலைப் பற்றியும் கேட்பார்; இடுப்பில் ஓடும் எலாஸ்டிக்கையும் ஓரத்தில் வைத்துத் தைக்கும் நாடாவையும் கடைசியாகத்தான் நினைப்பார். திருப்பூரில் முப்பது ஆண்டுகளாக அந்தக் கடைசிப் பொருளை நெய்து கொடுத்தே என் குடும்பம் பிழைத்திருக்கிறது. எனவே ஒரு நாடா மனித உயிரைத் தாங்க வேண்டிய இடத்திற்கு என் கைவேலை கேட்கப்பட்டபோது எனக்கு உண்டான பெருமையை வாசகர்கள் புரிந்துகொள்வார்கள் என நம்புகிறேன்.

கேட்டவன் என் தமக்கையின் மகன். கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். சூலூர் விமானத் தளத்திலிருந்து எழும்பும் விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, இருவர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றைச் சொந்தக் கையால் கட்டி வருகிறான். அக்காள் புலம்பும்போதெல்லாம் அவன் இரண்டு பேரைச் சுட்டிக் காட்டுவான். ஒருவர் கேரளத்துத் தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்த சஜி தாமஸ். செவித்திறனும் பேச்சும் இல்லாத அவர் தாமே கட்டிய சிறு விமானம் 2014ஆம் ஆண்டு நம் நெல்லைச் சீமையில் மணிமுத்தாற்றின் அருகே வானில் ஏறியது. மற்றவர் மும்பை விமானி அமோல் யாதவ். காந்திவலியில் தம் வீட்டு மொட்டைமாடியில் அவர் கட்டிய விமானம் 2017ஆம் ஆண்டு அரசின் பதிவெண்ணைப் பெற்றது. "அவங்களால முடிஞ்சது நம்மளால முடியாதுங்களா?" என்பான்.

ஒரு ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தவன், "மாமா, இருக்கை ரெண்டும் தயாராயிருச்சுங்க. பெல்ட்டுதான் பாக்கி. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா செலவு தாங்காதுங்க. நாடா நம்ம ஊர்ல இல்லாத பொருளுங்களா?" என்றான். "ஒரு வாரத்துல தர்றேன் கண்ணு" என்று நான் தயங்காமல் சொல்லிவிட்டேன். அந்தத் தயங்காமையைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன்.

முதலில் நைலான் நூலையே எண்ணினேன். வலுவானது, கைக்கு மென்மையானது. ஆனால் நைலான் இழுபடும்போது பாலியஸ்டரைவிட அதிகமாக நீளும். சிறு விமானத்தில் ஓட்டுபவரின் நெற்றிக்கும் எதிரே உள்ள கருவிப் பலகைக்கும் இடையே இருக்கும் தூரம் மிகக் குறைவு. வார் அறாமலே சற்று நீண்டுகொடுத்தால் போதும், தலை பலகையில் மோதிவிடும். வெயிலையும் பாலியஸ்டரே கூடுதலாகத் தாங்கும். ஆகவே பாலியஸ்டரில் இரண்டு அங்குல அகலத்தில் நெருக்கமாக நெய்தேன். முனைகளை மடித்து, பேன்ட் லூப்புக்குப் போடும் பார்டேக் இயந்திரத்தில் குறுக்கே வரிசை வரிசையாக அடர்த்தியாகத் தைத்தேன். பார்வைக்கு அழகாக இருந்தது.

பட்டறையில் ஒரு முனையைத் தூணிலும் மறு முனையைச் செயின் பிளாக்கிலும் மாட்டி, நடுவே தொங்கு தராசைக் கோத்து, தள்ளி நின்று இழுத்தோம். முள் ஐந்நூறு கிலோவை எட்டுவதற்குள் ஒரு வெடிச் சத்தம். நான் நெய்த நாடாவின் நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. தையல் வரிசையை ஒட்டியே, தபால்தலைகளைத் துளைக்கோட்டில் பிரித்தெடுப்பது போல, அது இரண்டாகக் கிழிந்திருந்தது. இறுக்கித் தைத்தால் பலம் என்று எண்ணி, ஊசியாலேயே நூலிழைகளை அறுத்து வைத்திருக்கிறேன். நீளவாட்டில் சுமை ஏறும் வாரில் தையலும் பெரும்பாலும் நீளவாட்டில் ஓடி, கட்டமும் அதற்குள் பெருக்கல் குறியுமாக அமைந்து, சுமையைப் பரப்பித் தர வேண்டும். நூல் தடித்ததாகவும், தையல் இடைவெளி விட்டதாகவும் இருக்க வேண்டும். பனியனுக்குச் சரியான தையல் அங்கே குற்றமாகிவிட்டது.

ஐந்நூறு கிலோ குறைவா என்று சிலர் கேட்கலாம். சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகள், அவசரத் தரையிறக்கத்தில் மனிதனை அவனது எடையைப் போல் 9 மடங்கு விசை முன்னோக்கித் தள்ளினாலும் கட்டமைப்பு தாங்க வேண்டும் என்று வகுத்தன. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 630 கிலோ. நான்கு முனைகளும் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் என்பது உண்மையே. ஆனால் விபத்து வரும்போது சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பதில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல் மருமகனும் நானும் மாணாக்கர்களைப் போல் படிக்கத் தொடங்கினோம். 1917ஆம் ஆண்டு பயிற்சியின்போது வானில் நேர்ந்த மோதலில் உயிர் தப்பிய ஹியூ டிஹேவன் என்பவர், தம் வயிற்றுக் காயத்துக்குக் காரணம் தாம் அணிந்திருந்த வாரின் கொக்கியே என்று கண்டறிந்தார். காக்க வந்ததே காயப்படுத்தியது. அந்தக் கேள்வியைச் சுமந்தவர் 1942 முதல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விபத்துக் காயங்களை ஆராய்ந்தார். 1954ஆம் ஆண்டு ஜான் ஸ்டாப் என்ற மருத்துவர் ராக்கெட் சறுக்குவண்டியில் தம்மையே வார்களால் பிணைத்துக்கொண்டு, எடையைப் போல் 46 மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்கி உயிரோடு எழுந்தார். மனித உடல் நாம் நினைப்பதைவிட உறுதியானது. அதை முறையாகப் பிடித்து நிறுத்துவதுதான் கடினம்.

முறை என்பது என்ன? மடிவார் வயிற்றின் மேல் அமரக் கூடாது. இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக அமர வேண்டும். அதற்காக அது ஏறத்தாழ 45 முதல் 55 பாகைச் சாய்வில் கீழ்நோக்கி இறங்க வேண்டும். தோள்வார் பின்புறம் தோளின் உயரத்திலோ சற்று மேலேயோ பிணைக்கப்பட வேண்டும். இடம் இல்லையென்று தரையோரம் பிணைத்தால், மோதும் கணத்தில் அது தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நொறுக்கும். தோள்வார்கள் மடிவாரை மேலே இழுத்து வயிற்றின் மேல் ஏற்றிவிடாதபடி, கால்களுக்கிடையே ஐந்தாவது வார் ஒன்றும் வைப்பதுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வார்களை விமானத்தின் முதன்மைச் சட்டத்தில் முடுக்க வேண்டும். மெல்லிய தகட்டில் முடுக்கினால், வார் அறாது. தகடு பிய்ந்துகொண்டு வரும். எவ்வளவு நல்ல கயிறானாலும் அது கட்டப்பட்ட இடத்தின் பலத்தைத் தாண்டுவதில்லை.

இதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் வெட்கம். சிறு குழந்தைகளின் ஆடையில் தலைமூடியிலும் கழுத்திலும் இழுகயிறு கூடாது என்று ஐரோப்பியத் தரவிதி ஈ.என். 14682 தடுக்கிறது. அக்கயிறு எதிலாவது சிக்கிக் குழந்தையின் கழுத்தை நெரித்துவிடும் என்பதே காரணம். அந்த விதியைப் படித்துப் பார்த்தே எத்தனையோ ஆர்டர்களை அனுப்பியிருக்கிறேன். கண் காணாத நாட்டுக் குழந்தைக்காக விதியைப் பார்த்தவன், சொந்த மருமகனுக்கு மட்டும் பாசத்தை நம்பினேன். "மாமா தைத்தது" என்பதே அவனுக்கும் சான்றிதழாக இருந்தது. அவனும் அளந்து கேட்கவில்லை. நானும் அளந்து கொடுக்கவில்லை. பாசம் பலமுள்ள பொருள்தான். ஆயினும் அதைத் தராசில் மாட்டி இழுத்துப் பார்க்க முடியாது.

முடிவில், டி.எஸ்.ஓ. சி-114 என்ற தரக்குறியும் தயாரித்த தேதியும் பொறித்த முழுத் தொகுப்பையே வரவழைத்தோம். செலவில் பாதியை நான் கொடுத்தேன். "எதுக்குங்க மாமா?" என்றான். "நான் தைச்சதை நீ மாட்டாம இருக்கறதுக்கு" என்றேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கைவேலை முற்றிலும் வீணாகவில்லை. விமானம் வெளியே நிற்கும்போது வெயில் நூலை நலித்துவிடும் அல்லவா? வார்களைப் போர்த்தி வைக்கக் கனத்த பருத்தித் துணியில் உறை தைத்துக் கொடுத்தேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

விமானம் இன்னும் பறக்கவில்லை. சோதனைகளும் அரசின் அனுமதியும் மீதமிருக்கின்றன. சென்ற மாதம் அக்காளைப் பட்டறைக்கு அழைத்துப் போனோம். மகன் கைகொடுத்து ஏற்றி அமர்த்தினான். அவள் வார்களைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம், "இது நீ நெய்ததா தம்பி?" என்று கேட்டாள். "இல்லைக்கா" என்றேன். "இதை இழுத்துப் பார்த்துத்தான் மாட்டினீங்களா?" என்றாள். "ஆமாக்கா" என்று சொல்ல முடிந்தது.

கிழிந்துபோன அந்த நாடாத் துண்டு என் மேசைமேல் கிடக்கிறது. புதிய ஆர்டருக்கு யாராவது, "உங்க நாடாதானுங்களே, நம்பி எடுத்துக்கலாம்" என்று சொன்னால், அதைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். பிறகு மாதிரித் துண்டு ஒன்றை வெட்டி, அவர்கள் கண்ணெதிரிலேயே இழுத்துக் காட்டுகிறேன்.