வின்னிப்பெக்கில் குழாய்க்கும் கம்பளி

நம் தோட்டங்களில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் காரணம் இரண்டு மூன்றுதான். பம்பு கெட்டிருக்கும், மேட்டுத் தொட்டி காலியாகியிருக்கும், இல்லையென்றால் யாரோ மண்வெட்டியால் பைப்பை வெட்டியிருப்பார்கள். தண்ணீர் குழாய்க்குள்ளேயே இருந்துகொண்டு வெளியே வர மறுக்கும் ஊரும் உண்டு என்றால் நம்புவீர்களா? கனடாவின் மானிடோபா மாநிலத் தலைநகர் வின்னிப்பெக்தான் அது.

ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கூடுகிற சமவெளியில், 7 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் நகரம். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரிக்குக் குளிர் இறங்குவது அங்கே அதிசயமல்ல. கேமரன் மலைக் குளிரை மனத்தில் வைத்து ஒரே ஒரு சுவெட்டரோடு புறப்படுகிறவர்கள் விமான நிலைய வாசலிலேயே பாடம் படிப்பார்கள். உறைந்த ஆற்றின்மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்!

என் அண்ணன் மகள் அங்கே குடியிருக்கிறாள். 2025 பிப்ரவரி விடுமுறையில் அவள் வீட்டில் தங்கினேன். இரவு படுக்கப் போகுமுன், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளை அகலத் திறந்து போட்டாள்.

"கரப்பான் வந்து படுத்துக்கப் போகுதும்மா" என்றேன்.

"இங்கே பைப்புக்கும் குளிரும் அத்தை. வெளிச்சுவரை ஒட்டி ஓடுற பைப்புக்கு வீட்டுச் சூடு போய்ச் சேரணும்ல" என்றாள்.

மறுநாள் நிலவறைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். குளிர் படும் இடத்துக் குழாய்களுக்கெல்லாம் நுரைப்பஞ்சு உறை, கைக்குழந்தைக்குக் காலுறை மாட்டியதுபோல. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வெளிக்குழாயை, குளிர் தொடங்குமுன்பே உள்ளிருந்து அடைத்து, மிச்சத் தண்ணீரையும் வடித்துவிடுகிறார்கள். வீட்டுத் தண்ணீரை முழுவதும் நிறுத்தும் பெரிய வால்வு எங்கே இருக்கிறது என்று அவளுடைய எட்டு வயது மகனுக்கும் தெரியும்.

காரணம் இதுதான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருமன் கூடுகிறது. ஆனால் குழாய் பெரும்பாலும் ஐஸ் அடைத்த இடத்தில் வெடிப்பதில்லை. அந்த ஐஸுக்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் நெருக்கப்பட்டு, அழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது. அதனால்தான் கடுங்குளிர் இரவில் குழாயை லேசாகத் திறந்து சொட்ட விடுகிறார்கள். வெடித்தது உடனே தெரியாது. ஐஸ் உருகிய பிறகுதான் வீடு குளமாகும்.

உறைந்துவிட்டால் குழாய்முனையைத் திறந்து வைத்து, அந்தப் பக்கத்திலிருந்தே முடி உலர்த்தும் கருவியால் சிறிது சிறிதாகச் சூடு காட்ட வேண்டும். நெருப்பைக் கொண்டுபோய் நீட்டினால் வீடே பற்றிக்கொள்ளும்.

இத்தனை செய்தும் தப்பாத காலம் 2014. அவ்வாண்டு குளிர் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் நிலத்தடிக் குழாய்களே உறைந்தன. வெயில் வந்த பிறகும் உறைபனி கீழ்நோக்கிப் போய்க்கொண்டே இருந்ததால் வசந்தத்திலும் வீடுகள் ஒவ்வொன்றாய்த் தண்ணீர் இழந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். பக்கத்து வீட்டிலிருந்து ரப்பர் குழாய் இழுத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். முகம் பார்த்துப் பேசாத அண்டை வீட்டாரும் அப்போது பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்நகரத்துக்குத் தண்ணீர் வருவது சுமார் 155 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஷோல் ஏரியிலிருந்து. 1919 முதல் வருகிறது. அந்த ஏரிக்கரையில் வாழும் ஷோல் லேக் 40 என்ற பூர்வகுடி மக்களோ, 1997 தொடங்கி 2021 வரை குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்ற நிலையில் இருந்தார்கள். அவர்களுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கிடைக்க அத்தனை ஆண்டுகள்! அவர்கள் குழாயை அடைத்தது குளிரல்ல.

உங்கள் பிள்ளைகள் அங்கே படிக்கப் போனால் இரண்டு சொல்லி அனுப்புங்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது காசு மிச்சமென்று வீட்டுச் சூட்டை நிறுத்திவிட்டு வரக்கூடாது. 13 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். நீங்களே பார்க்கப் போனால், நள்ளிரவில் சொட்டுகிற குழாயைக் கண்டு, நம் வழக்கப்படி எழுந்துபோய் இறுக்கி மூடிவிடாதீர்கள்.