கப்பல் டிக்கட்டுக்கு அப்பால்

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் பிள்ளைகளுடன் நான்கு இரவுகள் போய்வர எண்ணியிருக்கிறீர்களா? விளம்பரக் கட்டணத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். ஒரு கொப்பித் தாளை எடுங்கள்.

முதலில் பணியாளர் சன்மானம். றோயல் கரிபியன் கப்பல்களின் சாதாரண அறைகளில் 2023 நவம்பரில் அது ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 18 டொலர் ஆனது. கைக்குழந்தைக்கும் இதே கணக்குத்தான்! அந்த வீதத்தில் ஐவருள்ள குடும்பமாயின் நான்கு நாட்களுக்கு 360 டொலர். சன்மானம் என்றால் மனமுவந்து கொடுப்பது என்றே நாம் படித்திருக்கிறோம். இங்கோ அது பில்லில் தானாக ஏறிக்கொள்ளும்.

பிரதான உணவுச்சாலைச் சாப்பாடு, தண்ணீர், தேநீர் எல்லாம் கட்டணத்துள் அடங்கும். பிள்ளைகள் கேட்கும் கோலாவுக்குத் தனிக் காசு. அதன்மேல் 18 வீதம் சேவைக் கட்டணம். இன்டர்நெட்டும் தனி. கப்பலில் காசு கைமாறுவதில்லை, அட்டையை நீட்டினால் போதும். அதனால்தான் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

பயணத் திட்டத்தில் 'கோலாலம்பூர்' என்றிருக்கும். கப்பல் நிற்பதோ கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து நகரம் பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்தச் செலவும் உங்களுடையதே.

ஹலால் உணவு விடயத்தில் முகவரின் வாய்வார்த்தை போதாது. முற்பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.