உறைபனியில் ஒரு பூந்தோட்டம்

வைகாசியில் உதகமண்டலத்துக்குச் சென்று, அரசினர் தாவரவியல் பூங்காவின் மலர்க் காட்சியைக் கண்டு களித்துத் திரும்புவோர் அநேகர். அம்மலர்ச் செடிகள் தப்பிப் பிழைத்த கதையை அறிய வேண்டுமானால் மார்கழியில் போக வேண்டும். கம்பளியும் கொண்டுபோக வேண்டும்!

தொட்டபெட்டாவின் சரிவில் 1848-ல் மக்ஐவர் துரை உருவாக்கத் தொடங்கிய தோட்டம் இது. மேகமற்ற இரவுகளில் நிலம் தன் சூட்டையெல்லாம் வானுக்கு வாரி வழங்கிவிடுகிறது. விடிந்து பார்த்தால் புல்தரையெங்கும் உப்பைத் தூவினாற்போல் ஒரே வெண்மை. நம் கண்ணுக்கு ரம்மியந்தான். ஸால்வியாவுக்கோ அதுவே யமன். பிறந்த நாடாகிய பிரேஸிலில் பல்லாண்டு வாழக்கூடிய அச்செம்மலர்ச் செடி, இங்கே ஓர் இரவு உறைபனியில் இலை கருகித் தலை சாய்ந்துவிடும். இலையிலுள்ள நீர் உறைந்து திசுக்களைச் சிதைத்துவிடுவதே காரணம்.

இத்தனைக்கும் மே மாதத்தில் பூக்கவேண்டிய செடிகளுக்குக் குளிர்காலத்திலேயே விதை தூவியாக வேண்டும். தாமதித்தால் காட்சிக்குப் பூ ஏது? ஆகவே தொட்டிச் செடிகள் சில கண்ணாடி மாளிகையில் அடைக்கலம் புகுகின்றன. பாத்தியில் நிற்பவற்றுக்குக் 'கோத்தகிரி மிலார்' என்னும் செடியின் கொப்புகளே போர்வை. சூடு வெளியேறாமல் தடுக்கும் இக்குடிசைக்குச் செலவு சொற்பம்.

அதிகாலையில் தோட்டக்காரர்கள் செடிகள்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். இந்தக் குளிரில் தண்ணீரா என்று நாம் திகைத்தோம். சுள்ளென்ற வெயிலில் பனி திடீரென இளகினால் இலைக்குச் சேதம் அதிகமாம். பனிக்கட்டியைவிடத் தண்ணீர் சூடானதல்லவா? வெயில் ஏறுமுன் அது பனியை மெல்லக் கரைத்துக் கழுவிவிடுகிறது. கையுறைகூட இல்லாமல், விரல் விறைக்க, பாத்தி பாத்தியாக அவர்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.